பகலில் யார் இருப்பார்கள்

வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவனுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி கட்டாயம் இருந்தாக வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். யோசித்துப் பாருங்கள். பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளை பையும் கையுமாக உள்ளே நுழைந்து நேரே குளியலறை வரைக்கும் போகிறான். வீட்டில் ஒரு பெண் மட்டும் இருக்கிறாள். வாசல் கதவைச் சாத்துவதா, திறந்தே போடுவதா என்று தெரியாமல் போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது இவன் மெஷினைப் பார்த்தபடியே, "எங்க வீட்லயும் இதே கூத்துதாங்க, ஒரு மூடி சோப்பு ஊத்துன்னா மூணு மூடி ஊத்துவா" என்று ஒரு வார்த்தை விட வேண்டும். விட்டால் போதும். அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

நம் மெக்கானிக் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். கல்யாணம் ஆவதற்கு முன்பே இல்லாத பெண்டாட்டியைக் குறை சொல்லத் தொடங்கியவர் அவர். பிறகு நிஜமாகவே ஒருத்தி வந்தாள். விஷயம் தெரிந்ததும், "ஊரான் வீட்ல எல்லாம் என் மானத்தை வாங்கிட்டு வர்றீங்களா?" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது. சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கு என்னைப் பத்தி என்ன பொய் சொன்னீங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது ஒரு விளையாட்டாக இருந்தது.

அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்திலேயே போய்விட்டாள். காரியங்கள் முடிந்து முதல் நாள் வேலைக்குப் போன வீட்டில், டிரம்மைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே மெக்கானிக்கின் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எங்க வீட்லயும் இப்படித்தாங்க." சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து அழுதார். மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே சொன்னார். சொல்லச் சொல்ல ஒன்று புரிந்தது. அவர் வேலைக்குப் போகிற அத்தனை வீட்டிலும் அவள் உயிரோடு இருந்தாள். சோப்பை அள்ளி ஊற்றினாள், பாக்கெட்டில் சில்லறையோடு சட்டையைத் துவைக்கப் போட்டாள், அவரை நேரத்தோடு வரச் சொன்னாள். அவருடைய வீட்டில் மட்டும்தான் இல்லை. "லேட்டாச்சு, அவ பார்த்துக்கிட்டிருப்பா" என்று சொல்லிக் கிளம்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, ரொட்டியையும் முட்டையையும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. துணி காயாது, ஜனங்கள் மெஷினையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், அதுவும் ஒரு நாள் முடியாது என்று நின்றுவிடும். அப்படி ஒரு மழை நாளில்தான் நர்சம்மா வீட்டுக்குப் போனார்.

அந்தம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிறவர். கதவைத் திறந்ததும் "காலைத் துடைச்சுட்டு வாங்க, கையைக் கழுவிட்டு அப்புறம் எதையும் தொடுங்க" என்றார். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளாமல் வயிறு உப்பி நின்றது. மெக்கானிக் அதைச் சாய்த்து, அடியில் இருக்கிற பம்பின் மூடியைத் திருகினார். தண்ணீரோடு சேர்ந்து ஒரு கொத்து வந்து விழுந்தது. முடி. மஞ்சள் முடி, கம்பளி மாதிரி இறுகிப்போய், ஒரு கையளவுக்கு இருந்தது.

"என்னங்கம்மா இது! துணி துவைக்கிறீங்களா, நாயைத் துவைக்கிறீங்களா?"

நர்சம்மா சிரிக்கவில்லை. "குட்டிங்க படுக்கிற துணி. ஈரம் பட்டவுடனே மாத்திடுவேன். நாள் முழுக்க மெஷின் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"இனிமே துணியை உள்ள போடுறதுக்கு முன்னாடி நல்லா உதறுங்க. எங்க வீட்லயும் அவ இப்படித்தான். எத்தனை சொன்னாலும் அப்படியே அள்ளிப் போடுவா. பகல் பூரா வீட்லதான் இருக்கா, உதற நேரமில்லைம்பா."

வழக்கம்போல வந்த பேச்சு. அவர் அதைச் சொன்ன நினைவுகூட இல்லாமல் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பம்பைச் சுத்தம் செய்து மாட்டினாலும் ஒரு முறை முழுசாக ஓட்டிப் பார்க்காமல் கிளம்ப முடியாது. "முன் அறையில உக்காருங்க" என்றார் நர்சம்மா. முன் அறையில் பாதியை முழங்கால் உயரத்துக்குப் பலகை வைத்து அடைத்திருந்தது. உள்ளே ஆறு லாப்ரடார் குட்டிகள். ஒன்றுக்கொன்று அடையாளம் தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நாடா. பலகைக்கு வெளியே தாய் படுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தது. அதற்குப் பெயர் அம்மணி என்றார் நர்சம்மா.

மெக்கானிக் பலகையைத் தாண்டி உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். குட்டிகள் வந்து மோந்து பார்த்தன, செருப்பில்லாத காலை நக்கின, அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு போய்விட்டன. பச்சை நாடா மட்டும் போகவில்லை. அவருடைய பாதத்தின் மேல் ஏறி, ஒரு சுற்று சுற்றி, தொப்பென்று விழுந்து தூங்கியது. வயிறு வெதுவெதுவென்று இருந்தது. மூச்சு விடும்போது அந்தச் சூடு விரலிடுக்கில் பட்டது.

உள்ளே மெஷின் ஓடி முடிந்து மணி அடித்தது. மெக்கானிக் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சு போல" என்றார் நர்சம்மா.

"முடிஞ்சிருச்சுங்க."

"அப்ப?"

"தூங்குதே."

நர்சம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். தேநீர் கொடுத்தார். மெக்கானிக் காலை அசைக்காமல் ஒரு கையால் வாங்கிக்கொண்டு, கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்.

"இதெல்லாம் விக்கிறதுக்குங்களா?"

"விக்கிறதுன்னா காசு குடுத்தா யாருக்கு வேணா குடுப்பேன்னு நினைச்சிடாதீங்க. ஒருத்தர் பொண்ணோட பிறந்தநாளுக்குப் பரிசு குடுக்கணும்னு வந்தார். முடியாதுன்னுட்டேன். பரிசுன்னா ரெண்டு நாள்ல சலிச்சிரும். இன்னொருத்தர் கார்ல வந்து இறங்கி, ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு ஜோடியா வேணும்னார். குட்டி போட்டு வியாபாரம் பண்றவர். வாசல்லயே அனுப்பிட்டேன்."

"அப்ப யாருக்குத்தான் குடுப்பீங்க?"

"கேள்வி கேட்டுக் குடுப்பேன். அம்மணிக்கு இடுப்பை எக்ஸ்ரே எடுத்து, கண்ணைப் பார்த்து, எல்லாம் சரின்னு டாக்டர் சொன்ன பிறகுதான் குட்டிக்கே விட்டேன். இந்த ஜாதிக்கு இடுப்பு சீக்கிரம் போயிரும். தாய் நல்லா இல்லாம குட்டி எப்படி நல்லா இருக்கும்? அவ்வளவு பாடுபட்டுட்டு, கண்டவன் கையில தூக்கிக் குடுக்கவா? எட்டு வாரம் ஆகாம யாருக்கும் தரமாட்டேன். கொண்டு போனவங்களுக்கு என்னைக்காவது வளர்க்க முடியலைன்னா, அது கிழடா இருந்தாலும் சரி, என்கிட்டதான் திரும்பி வரணும். தெருவுல விடக் கூடாது."

"நியாயம்தாங்க" என்றார் மெக்கானிக். குட்டி தூக்கத்தில் காலை உதைத்தது. "எனக்குக் குடுப்பீங்களா? இந்தப் பச்சையை?"

நர்சம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"பொதுவா முதல்ல ஒண்ணுதான் கேப்பேன். பகல்ல வீட்ல யாரு இருப்பாங்கன்னு. வேலைக்குப் போறவங்களுக்கு நான் குடுக்கிறதே இல்லை. உங்ககிட்ட அதைக் கேக்க வேண்டியதில்லை. அதான் உங்க வீட்டம்மா நாள் முழுக்க வீட்லயே இருக்காங்கன்னு சொன்னீங்களே."

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பாதத்தின் மேல் குட்டி பெருமூச்சு விட்டது. திறந்த வாயைத் தேநீரைக் குடித்து மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார் நர்சம்மா. "வளர்க்கப் போறது அவங்கதானே. அவங்களைப் பார்க்காம நான் தரமாட்டேன். அதுவரைக்கும் பச்சையை யாருக்கும் காட்டலை."

*

அன்றைக்கு வீடு வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. மெக்கானிக் செருப்பைக் கழற்றினார், பையை வைத்தார், கை கழுவினார். எல்லாவற்றின் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. இந்தச் சத்தத்தோடு இன்னொரு சத்தம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். பூட்டைத் திறக்கும்போதே உள்ளே நகம் தரையில் கீறுகிற சத்தம். ரொட்டியை நின்றுகொண்டு சாப்பிட முடியாது, காலைச் சுற்றி வரும். "இரு, இரு, தர்றேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வார்த்தையை ஒரு தடவை வெறும் சமையலறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் ஒரு மெஷினுக்குப் பெல்ட் வாங்கப் போனபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார், தன் பொய்யை மட்டும் விட்டுவிட்டு. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ நாய் வாங்கப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியா? குடும்பத்தோட வா, எட்டு வாரம் ஆகட்டும்... இன்னும் ஜாதகம் மட்டும்தான் கேக்கலை! மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒருத்தன் கடை வச்சிருக்கான். போனோமா, புடிச்சோமா, வந்தோமான்னு இருக்கும். ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

ஒரு கேள்வி கேட்க மாட்டான் என்பதுதான் மெக்கானிக்குக்குத் தேவையாக இருந்தது. போனார்.

ஒடுக்கமான கடை. பினாயில் நெடி மூக்கைப் பிடுங்கியது. கம்பிக் கூண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான். மேல் கூண்டிலிருந்து சொட்டுவது கீழ்க் கூண்டில் இருப்பவற்றின் மேல் விழுந்தது. லாப்ரடார் என்று அவன் காட்டிய கூண்டில் மூன்று குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கண்ணில் பீளை. மெக்கானிக் கம்பிக்குள் விரலை விட்டார். எதுவும் மோந்து பார்க்க வரவில்லை.

"தாய் எங்கப்பா?"

"தாயா?" கடைக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்க வேண்டும். "தாய் உள்ள இருக்கு சார்." பின்பக்கம் போய் ஒரு கொழுத்த நாயைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு வந்தான். அது குட்டிகளின் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொட்டாவி விட்டது. குட்டிகளும் அதைப் பார்க்கவில்லை. பால் கொடுத்த வயிறு அது இல்லை என்று மெக்கானிக்குக்கே தெரிந்தது.

"என்ன வயசு குட்டிக்கு?"

"அதெல்லாம் நல்ல வயசுதான் சார். உங்களுக்கு எதுக்கு இத்தனை கேள்வி? புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க. பெட்டியில போட்டுத் தர்றேன்."

மெக்கானிக் நின்றார். இவனாவது கேட்கட்டும் என்று நின்றார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று இவன் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட அவர் தயாராக இருந்தார். யாரும் இல்லையப்பா, நான் காலையில் போனால் சாயங்காலம்தான், பூட்டின வீடு என்று சொல்லியிருப்பார். அவன் அட்டைப் பெட்டியை விரித்துக்கொண்டு, கார்டா கேஷா என்று மட்டும் கேட்டான்.

"அப்புறம் வரேன்" என்று சொல்லி வெளியே வந்தார். அந்த மூன்று குட்டிகளை நினைத்து மனசு பிசைந்தது. ஒன்றை வாங்கினால் அந்த இடத்தில் இன்னொன்றைக் கொண்டு வந்து அடைப்பான் என்றும் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை விரிக்கத் தோன்றாமல் நடந்தார்.

*

சின்னவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மெக்கானிக்கின் பெண்டாட்டியை அந்தக் குடும்பத்தில் பெரியவள் என்பார்கள், தங்கையைச் சின்னவள் என்பார்கள். அக்கா போன பிறகு அவள் இவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவரும் போகவில்லை. ஒருவரைப் பார்த்தால் இன்னொருவருக்கு அழுகை வரும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடேங்கப்பா! மாமாவுக்கு இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா?" என்றாள் கவுன்டருக்குப் பின்னாலிருந்து. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்ன?" என்றாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. ஒரு உதவி."

கூட்டம் கலையும் வரை காத்திருந்து சொன்னார். இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்ததால் நடுவில் நிறுத்தி, அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து சொன்னார். சின்னவள் முதலில் சிரித்தாள்.

"என்னது! உங்களுக்குப் பெண்டாட்டியா வரணுமா? என் வீட்டுக்காரர் கேட்டா சந்தோஷமா அனுப்பி வச்சிருவார் மாமா, திருப்பிக் கொண்டு வந்து விடாதீங்கன்னுவார்."

"விளையாடாத சின்னவளே. ஒரு மணி நேரம். பகல்ல வீட்ல நான்தான் இருப்பேன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"அப்ப அக்காவா வரணும்."

அவர் கவுன்டரில் கிடந்த ஒரு ரசீதை எடுத்து மடித்தார்.

"அக்காவா வரணும்" என்று இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. மாத்திரை அட்டைகளை எடுத்து ஒழுங்காக இருந்தவற்றை மறுபடி ஒழுங்காக அடுக்கினாள். "உங்களுக்கு எதுக்கு மாமா இப்ப நாய்?"

"வீட்டுக்குள்ள போக முடியலைம்மா" என்றார் மெக்கானிக். "பூட்டைத் திறக்கிறப்பவே கால் பின்னுது. உள்ள ஒரு உயிர் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. சத்தியமா வேற ஒண்ணுமில்லை."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வரேன். ஆனா நான் பேசுறப்ப குறுக்க பேசக் கூடாது. அக்காவா வர்றதுன்னா அக்காவாத்தான் பேசுவேன்."

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. நர்சம்மா காலைத் துடைக்கச் சொன்னார், கையைக் கழுவச் சொன்னார், பிறகு பச்சை நாடாவைத் தூக்கிச் சின்னவளின் மடியில் வைத்தார். குட்டி இந்த ஒரு வாரத்தில் கனத்திருந்தது. சின்னவளின் துப்பட்டா நுனியைக் கவ்வி இழுத்தது. அம்மணி வந்து சின்னவளின் கையை மோந்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் அவள் காலடியிலேயே படுத்தது.

"அம்மணி லேசுல யார் பக்கத்துலயும் படுக்காது" என்றார் நர்சம்மா. திருப்தியாக இருந்தது அவருக்கு. "குட்டி எங்க படுக்கும் உங்க வீட்ல?"

வரும் வழியில் இருவரும் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. மெக்கானிக் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சமையலறைக்கும் பின்கதவுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குங்க. காலையில வெயில் அங்கதான் விழும். அலமாரியைக் கொஞ்சம் தள்ளினா போதும், பெரிசா வளர்ந்தாலும் படுக்கலாம். நான் அளந்து பார்த்துட்டேன்."

அப்படி ஒரு இடம் இருந்தது. அங்கே காலை வெயில் விழும் என்று மெக்கானிக்குக்கே தெரியாது, வெயில் விழுகிற நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததில்லை.

"பகல்ல எவ்வளவு நேரம் தனியா இருக்கும்?"

"தனியாவே இருக்காதுங்க. நான்தான் இருக்கேனே. இவர் எட்டு மணிக்குப் போயிருவார். அதுக்கப்புறம் நான்தான். துணி மடிப்பேன், பாத்திரம் தேய்ப்பேன், எல்லாம் பத்து மணிக்கே முடிஞ்சிரும். ரெண்டு பேர் வீட்ல என்ன வேலை இருக்கு? பத்து மணிக்குத் தங்கச்சிக்குப் போன் பண்ணுவேன். அவ மருந்துக்கடையில வேலை செய்றா, பாவம், கூட்டம் இருக்கும். 'அப்புறம் பேசுறேன்க்கா'ன்னு வச்சிருவா. பன்னெண்டு மணிக்கு மறுபடியும் பண்ணுவேன்."

சின்னவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே பேசினாள். குரல் மாறவே இல்லை.

"மத்தியானம்தாங்க கஷ்டம். தெருவுல ஒரு சத்தம் இருக்காது. டிவி போடுவேன், அது பாட்டுக்கு ஓடும். ஜன்னல் பக்கத்துல உக்காந்தா முக்குல வண்டி திரும்புறது தெரியும். இவர் வண்டியான்னு பார்ப்பேன். மூணு மணிக்கு எப்படி வருவார்? தெரிஞ்சுக்கிட்டேதான் பார்ப்பேன். தங்கச்சிகிட்ட சொல்லுவேன், 'அவர் ஊர்ல இருக்கிற பொம்பளைங்ககிட்ட எல்லாம் என்னைப் பத்திப் பேசிட்டு வர்றாரு, எனக்குத்தான்டி பேச ஆள் இல்லை'ன்னு."

மெக்கானிக் பலகையைப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் சின்னவள் சேர்த்துச் சொல்கிற சொல் இல்லை. கடைசியாகச் சொன்னது அவளேதான், பெரியவளேதான். அந்த இழுப்புகூட அவளுடையது.

நர்சம்மா மெதுவாகத் தலையாட்டினார். "புரியுதும்மா. இத்தனை நாள் ஏன் வாங்கலை?"

"கேட்டேங்க. நிறைய தடவை கேட்டேன். ஒரு தடவை பத்திரிகையில படம் வந்திருந்துச்சு, இதே மாதிரி மஞ்சக் குட்டி. வெட்டிக் காமிச்சேன். இவர் பார்த்துட்டு, 'நாள் பூரா ஊர் நாயோட முடியைத் தோண்டி எடுத்துட்டு வரேன், வீட்டுக்கு வந்தும் அதேவா'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நானும் சிரிச்சுட்டேன்." சின்னவள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி மெக்கானிக்கைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் கேக்கலை."

"அவ்வளவு ஆசைப்பட்டவங்களை இத்தனை வருஷம் காக்க வச்சுட்டீங்களே" என்றார் நர்சம்மா, மெக்கானிக்கின் பக்கம் திரும்பி. கோபம் இல்லை, உரிமையோடு கேட்டார். "இப்ப மட்டும் எப்படி மனசு வந்துச்சு?"

எல்லாம் முடிந்தாகிவிட்டது. சும்மா ஒரு சிரிப்புச் சிரித்து, வயசாகிவிட்டதுங்க என்று ஏதாவது சொன்னால் குட்டி அவருடையது. நர்சம்மா கொடுத்துவிடுவார் என்று அவருடைய முகத்திலேயே தெரிந்தது. மெக்கானிக்கும் சிரிக்கத்தான் பார்த்தார்.

"இவங்க என் வீட்டுக்காரி இல்லைங்க" என்றார். "அவ தங்கச்சி. இவங்க சொன்னதெல்லாம் அவ சொன்னது. அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

ஒரு குட்டி தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. நர்சம்மா துணியை எடுத்து வந்து துடைத்தார், துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப பகல்ல வீட்ல யாரு?"

"யாருமில்லை."

"எட்டு மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும்?"

"பூட்டியிருக்கும்."

"அத்தனை நேரமும் இது என்ன பண்ணும்?"

மெக்கானிக் சின்னவளின் மடியில் இருந்த குட்டியைப் பார்த்தார். பொய் சொல்ல முடியவில்லை. "ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

நர்சம்மா குட்டியை எடுக்கக் கை நீட்டினார். சின்னவள் கொடுத்தாள். துப்பட்டா நுனி குட்டியின் வாயில் மாட்டிக்கொண்டு வந்தது, அதை மெதுவாக விடுவித்தார்கள்.

"வீட்ல யாருமில்லைன்னுதாங்க கேக்குறேன்" என்றார் மெக்கானிக். "ஆள் இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?"

"தெரியுதுய்யா." நர்சம்மா முதல் தடவையாக அவரை ஐயா என்றார். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா வீட்ல யாருமில்லைன்னுதான் நானும் தரமாட்டேங்கிறேன். உங்களுக்கு ராத்திரி துணை வேணும். இதுக்குப் பகல்ல வேணும். உங்க கஷ்டத்துக்கு இதைக் கொண்டுபோய் உள்ள வச்சுப் பூட்டச் சொல்லாதீங்க."

"சொல்லலைங்க" என்றார் மெக்கானிக். "நீங்க சொல்றது சரிதான்."

தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார் நர்சம்மா. மறுக்க முடியாமல் குடித்தார்கள். குட்டி பலகைக்குள் போனதும் அவர்களை மறந்து, சிவப்பு நாடாவின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. கிளம்பும்போது நர்சம்மா வாசல் வரை வந்து, "மெஷின் நல்லா ஓடுது" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எதிரில் இருந்த கடைகளும் அடைத்துக் கிடந்தன. இரண்டு பேரும் நனைந்த பெஞ்சில் உட்காராமல் நின்றார்கள்.

"கோபமா மாமா?"

"இல்லைம்மா" என்றவர் கேட்டார். "ஜன்னல் பக்கத்துல உக்காந்துதான் இருந்தாளா?"

"தினமும். நான்தான் போனை வச்சிருவேன். கவுன்டர்ல ஆள் நிக்கிறாங்கன்னு சொல்லுவேன். பாதி நாள் யாரும் நிக்க மாட்டாங்க." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்காவது அவளைப் பேச விடணும்னு தோணுச்சு."

மெக்கானிக் தலையாட்டினார். சின்னவளின் துப்பட்டாவில் மஞ்சள் முடி ஒட்டியிருந்தது. அவள் அதைத் தட்டிவிடாமல் கையால் தடவிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது, அது அவள் போக வேண்டிய பஸ். அவள் ஏறுவதற்கு முன்னால் அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் அக்காகிட்ட பதில் இருந்துச்சு, பார்த்தீங்களா? அவ கேட்டப்ப நீங்க கூட்டிட்டு வந்திருந்தா, மாமா, இந்தம்மா குடுத்திருப்பாங்க."

"குடுத்திருப்பாங்க" என்றார் மெக்கானிக்.